கலைக்கு உச்சவரம்பு, தாவலுக்கு இல்லை: பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் மதிப்பெண் முறையின் வரலாறு

பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கலைநயமா, நுட்பத்திறனா என்ற வழக்கு வழக்கமாக இரு வீராங்கனைகளின் ஒப்பீடாகவே பேசப்படுகிறது. விதிகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், யார் சிறந்தவர் என்பதைவிட அந்தந்தக் காலம் எதை எண்ணியது என்பதே பதக்கங்களைத் தீர்மானித்திருக்கிறது.

தொடக்கத்தில் எடை அதிகம் பெற்றது கலையுமல்ல, தாவலுமல்ல. பனித்தரையில் பிசகாமல் வட்டங்கள் கீறும் கட்டாய வடிவங்களே அந்த இடத்தில் இருந்தன. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா, ஃப்ரீ ஸ்கேட் எனப்படும் நீள் ஆட்டத்தில் ஏழாம் இடம் பெற்றும் தங்கம் வென்றார். 1989இல் உலகப் போட்டியில் டிரிபிள் ஆக்சல் எனும் மூன்றரைச் சுற்றுத் தாவலை நிகழ்த்திய முதல் பெண்ணான ஜப்பானின் மிடோரி இட்டோ, அடுத்த ஆண்டு ஹாலிஃபாக்ஸில் குறு ஆட்டம், நீள் ஆட்டம் ஆகிய மற்ற இரு பகுதிகளிலும் முதலிடம் பிடித்தும் வடிவங்களில் பத்தாவதாக வந்ததால் வெள்ளியோடு நின்றார். அத்துடன் கட்டாய வடிவங்கள் கைவிடப்பட்டன.

1998 நகானோ ஒலிம்பிக்கில் நுட்பத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் தனித்தனியே 6.0 உச்சம். பதினேழு வயது மிஷெல் குவானைப் பதினைந்து வயது டாரா லிபின்ஸ்கி வென்றார். நீள் ஆட்டத்தில் ஒன்பது நடுவர்களில் ஆறு பேர் அவர் பக்கம். முடிவு சர்ச்சைக்குரியதுதான். ஆனாலும் இரு திறன்களுக்கும் ஒரே உயரத்தில் கூரை இருந்தது.

2002 சால்ட் லேக் ஒலிம்பிக் நடுவர் ஊழலுக்குப் பின் 2004இல் வந்த முறை அந்தச் சமநிலையைக் குலைத்தது. பெண்கள் நீள் ஆட்டத்தில் கலைக்கூறுகளுக்கு அதிகபட்சம் 80 புள்ளி. தாவல்களின் கணக்குக்கு வரம்பே இல்லை. பிற்பாதித் தாவல்களுக்குப் பத்து சதவீதக் கூடுதல் வேறு.

இதன் விளைவு 2018 பியோங்சாங்கில் அப்பட்டமாகத் தெரிந்தது. பதினைந்து வயது அலினா ஜாகிடோவா ஏழு தாவல் வாய்ப்புகளையும் பிற்பாதிக்கே ஒதுக்கினார். பதினெட்டு வயது எவ்கேனியா மெத்வதேவா நீள் ஆட்டத்தின் கலைக்கூறுகளில் 77.47 பெற, ஜாகிடோவாவுக்கு 75.03; நுட்பத்தில் ஜாகிடோவாவுக்கு 81.62, மெத்வதேவாவுக்கு 79.18. கூட்டினால் இருவருக்கும் 156.65! குறு ஆட்டத்தில் இருந்த 1.31 புள்ளி முன்னிலை தங்கத்தை ஜாகிடோவாவுக்குத் தந்தது. முற்பாதி வெறுமையாக இருந்தது என்ற விமர்சனத்தில் நியாயமுண்டு. ஆனால் முதல் தாவலில் தவறிய இணைத்தாவலைக் களைத்த கால்களோடு பின்னால் வேறொரு தாவலுடன் ஒட்டவைத்த சாதுரியத்தை அந்த விமர்சகர்கள் ஏனோ பேசுவதில்லை. அதே ஆண்டு பிற்பாதிச் சலுகை கடைசி மூன்று தாவல்களுக்குக் குறுக்கப்பட்டது.

அதற்குள் போட்டி நான்கு சுற்றுத் தாவலுக்கு நகர்ந்திருந்தது. ஒடுங்கிய, எடை குறைந்த உடல் காற்றில் வேகமாகச் சுழலும். பருவ வளர்ச்சி அந்தச் சாதகத்தைக் குறைக்கும். அலெக்சாண்ட்ரா துருசோவா பதின்மூன்று வயதில் உலக ஜூனியர் பட்டம் வென்றது இந்தத் தாவல்களால்தான். 2022 பெய்ஜிங்கில் ஐந்தை முயன்று நீள் ஆட்டத்தில் முதலிடம் பெற்றும், மொத்தத்தில் அன்னா ஷெர்பகோவாவுக்குப் பின்னால் வெள்ளி பெற்றார். பதினைந்து வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரமும் அதே ஒலிம்பிக்கில் வெடித்தது. அவ்வாண்டு ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் வயது வரம்பைப் படிப்படியாகப் பதினேழாக உயர்த்த முடிவெடுத்தது.

நான்கு சுற்றோ டிரிபிள் ஆக்சலோ இல்லாமல் கவோரி சகமோட்டோ 2022 முதல் 2024 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். துருசோவா, ஷெர்பகோவா உள்ளிட்ட ரஷ்யர்கள் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025 பாஸ்டனில் அவரை வென்ற அலிசா லியு, பதின்மூன்று வயதில் டிரிபிள் ஆக்சலோடு அமெரிக்கப் பட்டம் வென்று, பதினாறில் ஓய்வு அறிவித்தவர். பத்தொன்பதில் திரும்பி வந்து உலகப் பட்டம் பெற்றபோது அவரது ஆட்டத்தில் அந்தத் தாவல் இல்லை.