முறத்தில் வரும் பிறந்தகம்

கண்ணனூர் என்றால் இன்று சமயபுரத்து மாரியம்மன்தான் நினைவுக்கு வருவாள். 13ஆம் நூற்றாண்டில் அது போசள மன்னன் வீரசோமேசுவரனின் தலைநகர். அங்குள்ள போசளேசுவரம் இன்றும் நிற்கிறது. காவிரிக்கரைக்குக் கன்னடம் வந்த வழிகளுள் அது ஒன்று. இன்றைய ஸ்ரீரங்கத்து மாத்வக் குடும்பங்களை அப்படையெடுப்போடு நேராக முடிச்சுப்போட நான் துணியமாட்டேன். விஜயநகர, நாயக்கர் காலங்களிலும் குடியேற்றங்கள் நிகழ்ந்தன.

அவ்வீட்டுப் பெண்கள் விட்டுக்கொடுக்காத நோன்பு ஸ்வர்ணகௌரி. விநாயக சதுர்த்திக்கு முந்தைய திருதியை. கையில் பதினாறு முடிச்சிட்ட மஞ்சள் கயிறு. மணமான மகளுக்குப் பிறந்தகத்துச் சீர் வரும். முறத்தில் வளையல், மஞ்சள், தானியம், வெல்லம் வைத்து இன்னொரு முறத்தால் மூடிச் சுமங்கலிகளுக்கு வழங்குவதைப் 'பாகினம்' என்பர். ஆடிச்சீர் கண்ட நமக்கு இது அந்நியமன்று.

அதே திதியில் நேபாளப் பெண்கள் சிவப்புச் சேலை உடுத்தி, பலர் நீரும் அருந்தாது, 'தீஜ்' நோற்கிறார்கள். அங்கும் மகளைத் தாய்வீடு அழைக்கும். ஆனால் புகுந்தவீட்டுத் துயரங்களை அவள் கூட்டத்தின் நடுவே பாட்டாகவே பாடிவிடுவாள். 1990 மக்களாட்சி இயக்கத்தை ஒட்டி அப்பாடல்கள் அரசியலும் பேசின.

இங்கே பாட்டு பெரும்பாலும் கௌரியின் புகழ்தான். பேச்சில் தமிழ் கலந்துவிட்ட வீடுகளிலும் ஆரத்திப்பாட்டு மட்டும் கன்னடம்; நோட்டுப் புத்தகத்தில் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள்.