வாளின் பூணும் வாளின் பெயரும்

மலாயாவில் சிரம்பானை ஒட்டிய ராசா எனும் ஊரின் ரப்பர்த் தோட்டங்களில் ‘ஜப்பான்காரன் கால’த்தைக் கண்டவர்களுக்கு, அதிகாரியின் இடுப்பில் தொங்கிய நீண்ட வாள் அச்சத்தின் சின்னமாக இருந்ததேயன்றி, கலைப்பொருளாகத் தோன்றியிருக்க நியாயமில்லை, லயங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் திரட்டிய ராஜாங்கத்தின் வாள் அல்லவா அது! 1945 செப்டம்பரில் மலாயாவில் ஆயுதங்களை ஒப்படைத்த அதிகாரிகளின் வாள்களுள் பல, 1934-ஆம் ஆண்டு ராணுவ அமைப்பைத் தழுவிச் செய்யப்பட்டவை. சில மட்டும், படையின் புதிய பூண் பூண்ட பரம்பரை அலகுகள்.

இரண்டையும் பிரித்தறிய, பிடியைக் குறுக்கே துளைத்திருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டியெடுத்து, உள்ளே மறைந்திருக்கும் வால்பகுதியைப் பார்க்க வேண்டும். உளியால் கொல்லன் வெட்டிய பெயர் அங்கேதான் இருக்கும். ‘த்சுபா’ எனும் கைக்காப்புத் தகடோ வேறொரு சிற்பியின் கைவண்ணம். அவன் பெயர் நடுத்துளைக்கு அருகே, பல சமயம் ஊர்ப்பெயருடன், பொறிக்கப்பட்டிருக்கும். செம்பில் சிறிதளவு பொன் கலந்து, ரசாயன நீரில் கருநீலமாக்கிய ‘ஷாகுடோ’ எனும் உலோகமும், அதன்மேல் ஒவ்வொன்றாக அடித்து நிறைத்த மீன்முட்டை போன்ற நுண்புள்ளிகளும், யூஜோ (1440–1512) தொடங்கிய கோதோ வம்சத்தாரின் வேலைக்கு முதன்மையான லக்ஷணங்கள். அவ்வம்சத்தின் முன்னோர் பெரும்பாலும் கையொப்பமிடாதவர்கள். பிற்காலத் தலைவர்களே, இது இன்னாருடையது என்று தீர்மானித்துத் தம் பெயருடன் பொறித்தனர். இதற்கிடையில் புகழ்பெற்ற பெயரைப் பிறர் வெட்டிவைத்த போலிகளும் ஏராளம். ஆகவே புள்ளிகளின் வரிசை ஒழுங்கை முதலில் ஆராய்ந்து, லிபியைக் கடைசியில் வாசிப்பவனே நிபுணன் என்பது என் துணிபு.

பிடியைப் போர்த்திய திருக்கைத் தோலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சயாமிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக் கப்பல்கள் அதனை ஜப்பானுக்கு ஏற்றிச் சென்றன. நம் வலைஞர் பிடித்த மீனின் தோல் எந்த சாமுராயின் உள்ளங்கையில் உறுத்தியதோ!

1876-இல் ஜப்பானில் பொதுவிடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டதும் கைக்காப்புச் சிற்பிகள் பிழைப்பிழந்தனர். கானோ நாத்ஸுவோ போன்ற மேதை அதற்கு முன்பே நாணயங்களுக்கு வடிவம் வகுக்கத் தொடங்கியிருந்தார், மற்றவர்கள் ஐரோப்பியருக்குப் பூச்சாடிகள் செய்தனர். கழற்றப்பட்ட கைக்காப்புகள் தனியே விலைபோயின. வேறு வாள்களிலும் ஏறின. எனவே இன்று ஒரே வாளில் காணும் இரண்டு பெயர்கள் ஒருவரையொருவர் அறியாத இருவருடையனவாக, இரண்டு நூற்றாண்டுகள் விலகியனவாகவும்கூட இருக்கலாம். தகட்டின் பெயரை வைத்து அலகின் வயதைக் கணிப்பவர் ஏமாறுவது அதனாலேதான்.