சத்திரமும் லாயமும்
வழிப்போக்கரைத் தாங்கிய சென்னை மேற்குச் சாலை

வழிநடப்பவனுக்கு நிழலும் நீரும் படுக்க ஒரு திண்ணையும் தருவதை அறமெனக் கொண்டது தமிழ்நாடு. இருப்புப்பாதை வருவதற்கு முன் கோட்டையிலிருந்து மேற்கே புறப்பட்டோர் பூவிருந்தவல்லி, திருப்பெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர் எனச் சென்றனர். சென்னைக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 13 மைல். மாட்டுவண்டி மணிக்கு இரண்டு மைல் நடக்கும். ஆகவே, மாலையில் வண்டி பூட்டியவர் நள்ளிரவு அளவில்தான் பூவிருந்தவல்லியைக் காண்பர். இந்தக் கணக்கை மனத்திற் கொண்டால், சத்திரங்களும் வண்டிப்பேட்டைகளும் ஏன் அந்தந்த இடங்களில் எழுந்தன என்பது விளங்கும். ஊர்களுக்கு இடைவெளி வகுத்தவை மாட்டின் களைப்பும் மனிதனின் பசியுமே.

சாவடி என்னும் நம் சொல்லையே ஆங்கிலேயர் 'சௌல்ட்ரி' என வழங்கினர். ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில், 1782-இல் பஞ்சத்தால் நகருக்குள் வந்து குவிந்தோர்க்குக் கஞ்சி வார்க்க ஏற்பட்ட இடம் மணியக்காரர் சத்திரம். அது ஆங்கிலேயர் நாவில் 'மணேகார் சௌல்ட்ரி' ஆயிற்று. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அங்கேதான் உள்ளது. வழிப்போக்கர்க்குச் சோறிட்ட அறம் நோயாளிக்கு மருந்திடும் அறமாக வளர்ந்தது எனலாம்.

கும்பினி ஆட்சியும் இவ்வறங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்க இயலவில்லை. 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், மசூதி ஆகியவற்றின் மானியங்களோடு பாலங்களையும் சத்திரங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொணர்ந்தது. உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த ஏனுகுல வீராசாமி 1830-இல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். தெலுங்கில் அவர் எழுதிய யாத்திரைக் குறிப்புகள், அக்காலப் பயணத்தில் தங்குமிடம் எத்துணைப் பெரிய கவலை என்பதைக் காட்டுகின்றன.

வெள்ளைக்காரர் பெரும்பாலும் சத்திரத்தில் தங்குவதில்லை. அவர்களுக்கு ஊர்தோறும் முசாபரி பங்களா, நகரிலோ ஓட்டல். 1854-இல் ரத்தினவேலு முதலியார் நடத்திய இம்பீரியல் ஓட்டல்தான் பின்னர்க் கன்னிமாரா எனப் பெயர் மாறியது. 1886 முதல் 1890 வரை ஆளுநராயிருந்த பிரபுவின் பெயர் அது. தங்கும் விடுதிக்கு அவர்கள் இட்ட 'ஓட்டல்' என்ற பெயரைத் தமிழர் சாப்பாட்டுக் கடைக்கு வைத்துக்கொண்டது சொல்லாராய்ச்சி செய்வோர்க்குச் சுவையான செய்தி.

ஓட்டலும் பங்களாவும் இருந்த இடத்தில் லாயமும் இருந்தது. குதிரை ஒன்றானாலும் அதன்பின் உழைத்தோர் இருவர்: குதிரைக்காரர் ஒருவர், நாள்தோறும் புல் அறுத்துச் சுமந்து வருபவர் மற்றொருவர். பெரும்பாலும் அப்பெண் குதிரைக்காரரின் மனைவியாகவே இருப்பார். கொள்ளு வேகவைப்பதும், உடல் தேய்ப்பதும், லாடம் தேய்ந்ததா எனப் பார்ப்பதும் லாயத்தின் அன்றாடப் பணிகள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்த 'வேலர்' குதிரைகளும் இந்நாட்டுக் கொள்ளைத்தான் தின்றன. வண்டி கட்டும் தொழிலும் உடன் வளர்ந்தது. 1840-இல் தோன்றிய சிம்சன் நிறுவனம் முதலில் செய்தவை குதிரைவண்டிகளே.

1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை புகைவண்டி ஓடியது. நம் அம்பத்தூர், ஆவடி வழியே செல்லும் பாதை அதுதான். வழியில் இரவுகள் கழித்த பயணம் பகற்பொழுதுக்குள் அடங்கியது. வழிச்சத்திரங்களின் தேவை குறைந்தது. ஆயினும் குதிரை உடனே மறைந்துவிடவில்லை. நெடுவழியை விட்டு நிலைய வாயிலுக்கு இடம் பெயர்ந்தது. நிலையத்திலிருந்து வீடு சேர ஜட்கா வேண்டுமன்றோ! சத்திரமும் அவ்வாறே இடம் பெயர்ந்தது. 1873-இல் எழுந்த சென்ட்ரல் நிலையத்தின் எதிரில் சவலை இராமசாமி முதலியார் சத்திரம் கட்டியது அம்மாற்றத்தின் அடையாளம். 1895-இல் மின்சார டிராம் ஓடியது. 1903-இல் சிம்சன் நிறுவனத்திலேயே நீராவிக் கார் உருவாயிற்று. 1911-இல் வாடகை வண்டிகளுக்கெனச் சென்னையில் தனிச் சட்டம் வந்தபோது, லாயத்தின் அந்திக் காலம் தொடங்கிவிட்டது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்திரத்து அறம் எல்லார்க்கும் ஒரே அளவில் கிடைத்ததன்று. சமையலும் பந்தியும் சாதி பார்த்தன. காசியில் பசியோடு சத்திரம் தேடிய ஈ.வெ.ரா., பிராமணர் அல்லர் என்பதற்காக விலக்கப்பட்டதை அவர் வரலாற்று நூல்கள் கூறும். புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த 'பிராமணர்', 'இதரர்' என்னும் பிரிவினைப் பலகைகள் 1941-இல்தான் அகன்றன. இந்நிலைக்கு மாற்றாக, பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அங்கே அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

நாகைக் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதைக் காளமேகம் பாடியதாக வழங்கும் கதையை நாம் அனைவரும் சுவைத்திருக்கிறோம். அந்தச் சோற்றை வடித்தவர் யார் என்று எப்போதேனும் கேட்டோமா? கல்லில் பொறிக்கப்படுபவை கொடையாளர் பெயர்கள். கொள்ளு வேகவைத்தவரும், புல் சுமந்தவளும், பல்லக்குத் தூக்கிய போயிகளும் கல்லேறியவர் அல்லர். பேறுகாலத்தில் இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிக் கல்கூட வழிப்போக்கனின் பாரத்தை ஏற்றது. சாலை அகலமானபோது அவற்றுள் பல பெயர்த்தெறியப்பட்டன.

பத்தாண்டுகள் நிறைவு காணும் நம் வட்டத்தின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேனாம்பேட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வண்டி ஓட்டியவர், லாடம் அடித்தவர் ஆகியோரின் வழிவந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் பெயர்களையும் தொழிற்சொற்களையும் கேட்டு எழுதி வைப்போம். பயணத்தைப் பாடும் கவிஞர், அப்பயணத்தைத் தாங்கியவரையும் பாடட்டும்.