எல்.எம்.பி. டாக்டர் போன பிறகு

நான் இருக்கும் முனிர்காவில்தான் தேசிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் இருக்கிறது. 1977-ல் வந்தது. கிராமத்து டாக்டர் கதை அதைவிடப் பழசு.

1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது நாட்டில் பதிவு செய்த டாக்டர்கள் 47,524 பேர். அதில் 29,870 பேர் பட்டமில்லாத, எல்.எம்.பி. மாதிரி படிப்பு படித்தவர்கள். (உங்கள் பாட்டியைக் கேளுங்கள், ஒரு எல்.எம்.பி. டாக்டர் பெயர் சொல்வார்.) இனி எல்லோருக்கும் ஒரே பட்டப்படிப்பு என்றது கமிட்டி. உறுப்பினர்கள் சிலர் ஒப்பவில்லை, எடுபடவில்லை.

தரம் கூடியது, சரி. ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏன் உட்கார வேண்டும்? எம்.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத்தானே பார்ப்பான்?

தமிழ்நாடு அந்த ஆசையையே பிடித்துக்கொண்டது. மாநில மேற்படிப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு! கட்டாயப்படுத்துவதைவிட இது மேல் என்பது என் கட்சி. 2017-ல் மத்திய விதிகள் குறுக்கே வந்து, எம்.டி., எம்.எஸ். இடங்களில் அது நின்றது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள், அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றார்கள்.