தராசு சொல்லாத உண்மை

அந்தமான் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவது செல்லுலர் சிறை. 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அச்சிறையில், 1933 மே மாதம், நல்ல உணவும் மனிதருக்குரிய நடத்தையும் வேண்டி அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். அவர்களுக்கு வலிந்து பால் புகட்டப்பட்டது. மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். உணவு உயிர்ப் பிரச்சினையாக விளங்கிய அதே வளாகத்தில், 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. இன்று அங்கே சிறுநீரகம் செயலிழந்தோருக்கு டயாலிசிஸ் சிகிச்சை நடைபெறுகிறது. அந்நோயாளிகளுக்கும் உணவு உயிர்ப் பிரச்சினையே. அவர்களுடைய ஊட்ட நிலையை அளந்தறிய வைத்திய உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1943இல் ஹாலந்து நாட்டின் காம்பன் நகரில் வில்லம் கோல்ஃப் என்னும் மருத்துவர், செல்லோஃபேன் குழாயைச் சுழலும் உருளையில் சுற்றி, இரத்தத்தைத் தூய்மை செய்யும் இயந்திரத்தை இயக்கினார். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் அமைத்த குழாய் இணைப்பினால், ஒரே நோயாளிக்குப் பல்லாண்டுகள் இச்சிகிச்சை அளித்தல் இயன்றது. அடுத்த சில ஆண்டுகளில் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் டயாலிசிஸ் தொடங்கியது.

உயிர் நீண்டதும் புதியதோர் இடர் தோன்றியது. சிறுநீரகம் பழுதடைந்தவர் புரதத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நாளைய விதி. இயந்திரம் வருவதற்கு முன் அவ்விதி பொருத்தமானதே. ஆனால் ஒவ்வொரு சிகிச்சையின்போதும் கழிவுடன் சுமார் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன. பழைய பத்தியத்தையே தொடர்ந்தவர்கள் மெலிந்து போயினர்.

அம்மெலிவைத் தராசு காட்டவில்லை என்பதுதான் வியப்பு. சிறுநீர் கழியாத உடலில் நீர் தேங்குகிறது. மூன்று கிலோ தசை கரைந்து, அவ்விடத்தே மூன்று கிலோ நீர் சேர்ந்தால், எடை மாறுவதில்லை. எடை குறையவில்லை என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில், நோயாளிக்கு மூச்சு வாங்கத் தொடங்குகிறது. ஆகவேதான் மிகுநீரை நீக்கியபின் உள்ள 'உலர் எடை'யை மருத்துவர்கள் அவ்வப்போது மீண்டும் கணிக்கின்றனர்.

1990இல் லௌரி, லூ என்னும் இருவர் அமெரிக்காவில் பன்னீராயிரத்திற்கு மேற்பட்ட நோயாளிகளின் இரத்தப் பரிசோதனைகளை ஆராய்ந்தனர். ஆல்புமின் என்னும் புரதம் குறைந்தவர்களிடையே மரணம் மிகுதி எனக் கண்டனர். எனினும் உடலில் அழற்சி இருந்தாலும் ஆல்புமின் குறையும். எனவே அவ்வொரு கணக்கை மட்டும் நம்புதல் தகாது.

எண்கள் இவ்வாறு தடுமாறிய இடத்தில் கைகொடுத்தது மருத்துவரின் கண்ணும் செவியும் ஆகும். 1980களில் கனடாவின் டொரண்டோ நகரில், அறுவைச் சிகிச்சை நோயாளிகளுக்கென ஒரு மதிப்பீட்டு முறை உருவாயிற்று. ஆறு மாதங்களில் எடை எவ்வளவு மாறியது? உணவு குறைந்துள்ளதா? குமட்டல் உண்டா? அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா? இவ்வாறு வினவியபின், நெற்றிப்பொட்டும் தோள்பட்டையும் குழிந்துள்ளனவா, மேற்கையின் கொழுப்பு கரைந்துள்ளதா எனத் தொட்டுப் பார்ப்பர். பின்னர் இம்முறை டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் பரவியது. கைப்பிடியின் வலிமையை அளப்பதும் இதனுடன் சேர்ந்தது.

இன்று, நோயாளியின் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்பது 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம் ஆகும். தீவில் கிடைக்கும் புது மீனும் முட்டையும் இதற்கு உதவும். கருவாட்டின் உப்போ தாகத்தைத் தூண்டி நீரைச் சேர்க்கும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அது இருதயத்திற்கே ஆபத்தாகலாம். எதை, எவ்வளவு உண்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அந்தமானில் ஆகட்டும், தில்லியிலோ மும்பையிலோ ஆகட்டும், நம் இல்லங்களில் இச்சிகிச்சை பெறுவோர் இருப்பின், தராசு முள்ளை மட்டும் பார்த்து அமைதி கொள்ளற்க. தட்டில் எவ்வளவு சோறு மிஞ்சுகிறது, வளையலும் மோதிரமும் தளர்ந்துள்ளனவா, மாடிப்படி ஏறுகையில் களைப்பு கூடியுள்ளதா என்பவற்றைக் கவனித்து மருத்துவரிடம் கூறுவோம். அரை நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும், உடனிருப்பவர் கண்டு சொல்லும் அச்செய்தி மருத்துவருக்குப் பெரிதும் வேண்டப்படுவதாகவே இருக்கிறது.