குரங்கிலிருந்து பன்றிக்கு: விலங்கு உறுப்பு மாற்றின் வரலாறு

விலங்கின் உறுப்பை மனித உடலில் பொருத்தும் முயற்சி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. ஆடு, பன்றி என்று கைக்குக் கிடைத்த விலங்குகளை முதலில் பயன்படுத்திப் பார்த்த மருத்துவர்கள், பிறகு மனிதனுக்கு இனத்தால் நெருங்கிய குரங்குகளை நாடினார்கள். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் குரங்கைக் கைவிட்டுப் பன்றிக்கே திரும்பினார்கள். குரங்கு மனிதனுக்குக் கிட்டத்து உறவு. பன்றியின் வம்சமோ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கிளை பிரிந்துவிட்டது. நெருங்கியதை விட்டு விலகியதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் பல: நோய்த்தொற்று, உறுப்பின் அளவு, ரத்தப் பிரிவு, அறம், கடைசியாக மரபணுத் தொழில்நுட்பம்.

உறுப்புக்கு முன்பே விலங்கின் ரத்தம் மனித உடலுக்குள் போயிருந்தது. 1667 ஜூன் மாதம் பாரிஸில் ழான்-பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர், காய்ச்சலில் கிடந்த 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். ஏற்றிய அளவு குறைவு என்பதால் சிறுவன் பிழைத்தான். அதே ஆண்டு லண்டனில் ரிச்சர்ட் லோயரும் ஒருவருக்கு ஆட்டு ரத்தம் ஏற்றினார். மனநோய்க்காகக் கன்றுக்குட்டி ரத்தம் ஏற்றப்பட்ட இன்னொருவர் இறந்தபோது டெனி மீது வழக்கு வந்தது. இறந்தவருக்கு நஞ்சு கொடுக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்து டெனி விடுவிக்கப்பட்டார். ஆனாலும் பிரான்சில் ரத்தம் ஏற்றுவதற்கே தடை விழுந்தது.

உறுப்பை மாற்ற வேண்டுமானால் முதலில் ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று தைக்கத் தெரிய வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் அலெக்சிஸ் கரேல் 1902-இல் அதற்கான தையல் முறையை வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசும் பெற்றார். அதே நகரில் அவருக்கு ஆசிரியராக இருந்த மத்தியூ ழாபூலே 1906-இல் ஒரு பெண்ணுக்குப் பன்றியின் சிறுநீரகத்தையும் இன்னொரு பெண்ணுக்கு வெள்ளாட்டின் சிறுநீரகத்தையும் பொருத்தினார். உறுப்பை வயிற்றுக்குள் வைக்காமல், தோலை ஒட்டி ஓடும் கைக் குழாய்களோடு முழங்கை மடிப்பில் இணைத்தார். சிறுநீர் வந்தது, ஆனால் விரைவிலேயே குழாய்களில் ரத்தம் உறைந்து உறுப்பு பயனற்றுப் போனது. 1910-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் உங்கர் குரங்கின் சிறுநீரகத்தைப் பொருத்தி அதே தோல்வியைக் கண்டார். தையல் சரியாக இருந்தும் உறுப்பு ஏன் சாகிறது என்பதற்கு அன்றைக்கு யாரிடமும் விளக்கம் இல்லை.

1920-களில் இந்தத் துறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர் பாரிஸில் புகழோடு இருந்த செர்ஜ் வோரனோஃப். குரங்கின் விரையைச் சீவி முதியவர்களுக்கு ஒட்டினால் இளமை திரும்பும் என்று அவர் சொன்னதை நம்பி, பணக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். தேவைக்கு ஈடுகொடுக்க இத்தாலியக் கடற்கரையில் குரங்குப் பண்ணையே வைத்தார். ஒட்டிய திசு சில காலத்தில் அழிந்து தழும்பாக மாறுவது பின்னர் தெளிவானதும் அவர் புகழ் சரிந்தது.

உடலின் எதிர்ப்பாற்றலே ஒட்டிய திசுவை அழிக்கிறது என்பதை 1940-களில் பீட்டர் மெடாவரின் ஆய்வுகள் நிறுவின. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஒத்த இரட்டையரிடையே சிறுநீரகத்தை மாற்றி வெற்றி கண்டார். எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதயோபிரின் போன்ற மருந்துகள் 1960-களின் தொடக்கத்தில் வந்ததும், இரட்டையர் அல்லாதவருக்கும் வழி பிறந்தது. ஆனால் உறுப்பு எங்கே கிடைக்கும்? மூளைச்சாவு என்ற சட்டக் கருத்து அப்போது இல்லை; தொடர் டயாலிசிஸ் வசதியும் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. சிறுநீரகம் செயலிழந்தவருக்குச் சாவு நிச்சயம் என்ற அந்த நிலையில்தான் நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில் கீத் ரீம்ட்ஸ்மா சிம்பன்சியை நாடினார்.

1963-64-இல் அவர் 13 நோயாளிகளுக்குச் சிம்பன்சியின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். பெரும்பாலோர் நோய்த்தொற்றாலோ உறுப்பு நிராகரிக்கப்பட்டதாலோ சில வாரங்களில் இறந்தார்கள். 23 வயது ஆசிரியை ஒருவர் மட்டும் தேறி, வேலைக்குத் திரும்பி, ஒன்பது மாதம் வாழ்ந்தார். அவர் திடீரென்று இறந்தபின் பரிசோதித்ததில் சிறுநீரகங்களில் நிராகரிப்பின் அடையாளம் காணப்படவில்லை. விலங்கின் உறுப்பு மனிதரை மாதக்கணக்கில் வாழவைக்கும் என்பதற்கு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கும் இதுவே தலைசிறந்த சான்றாக இருந்தது. அதே காலத்தில் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் ஆறு பேருக்குப் பபூன் குரங்கின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். யாருமே நூறு நாளைத் தாண்டவில்லை.

1964 ஜனவரியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹார்டி ஒரு நோயாளிக்குச் சிம்பன்சியின் இதயத்தைப் பொருத்தினார். முதல் மனித இதய மாற்றுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு முந்தைய அறுவை இது. சிறிய அந்த இதயத்தால் முழு உடலுக்கும் ரத்தம் செலுத்த முடியாமல், ஒன்றரை மணி நேரத்தில் துடிப்பு நின்றது. அதைவிடப் பெரிய விவாதத்தை எழுப்பியது 1984 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் லெனர்ட் பெய்லி செய்த அறுவை. இதயத்தின் இடப்பக்கம் வளராமல் பிறந்த 12 நாள் பெண் குழந்தைக்கு அவர் பபூனின் இதயத்தைப் பொருத்தினார். குழந்தையின் ரத்தப் பிரிவு ஓ. பபூன்களில் அந்தப் பிரிவு மிக அரிது. பொருந்தாத இதயத்தோடு குழந்தை மூன்று வாரம் வாழ்ந்து இறந்தது. பேச முடியாத குழந்தையைச் சோதனைப் பொருளாக்கலாமா என்று ஒரு பக்கமும், பபூனைக் கொல்லலாமா என்று இன்னொரு பக்கமும் கண்டனம் எழுந்தது. அந்த விவாதத்தின் நடுவே பச்சிளம் குழந்தைகளுக்கு உறுப்பு தேவைப்படுவது பலருக்குத் தெரியவந்தது. மறு ஆண்டே பெய்லி ஒரு குழந்தைக்கு மனித இதயத்தை வெற்றியோடு பொருத்தினார்.

1992-இல் பிட்ஸ்பர்கில் ஸ்டார்ஸல் குழு பொருத்திய பபூன் கல்லீரலோடு ஒருவர் 70 நாள் வாழ்ந்தார். குரங்கு உறுப்புகளின் காலம் ஏறக்குறைய அதோடு முடிந்தது. சிம்பன்சி அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். குரங்குகள் பெரும்பாலும் ஒரு பேற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும். வளரவும் ஆண்டுகள் ஆகும். எய்ட்ஸ் வைரஸ் சிம்பன்சியிடமிருந்து வந்தது என்ற கண்டுபிடிப்பு, உறவு நெருங்க நெருங்கத் தொற்றும் எளிதாகும் என்பதை உணர்த்தியது. 1999-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குரங்கினங்களை உறுப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டு நெறியில் கூறியது.

பன்றி மருத்துவத்துக்குப் புதிதன்று. சர்க்கரை நோயாளிகள் பல பத்தாண்டுகள் பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்து எடுத்த இன்சுலினைத்தான் போட்டுக்கொண்டார்கள். 1965-இல் பாரிஸில் ழான்-பால் பினே, அலென் கார்பான்த்தியே ஆகியோர் பன்றியின் இதய வால்வை மனிதருக்குப் பொருத்தினார்கள். குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்தும் முறை வந்தபின் அது உலகெங்கும் பரவியது. சினை 114 நாள், ஒரே ஈற்றில் பல குட்டிகள், சில மாதங்களில் மனித உறுப்பின் அளவை எட்டும் உறுப்புகள் என எல்லாம் தோதாக இருந்தன. உணவுக்காகவே கோடிக்கணக்கில் வெட்டப்படும் விலங்கு என்பதால் அற எதிர்ப்பும் குறைவு. யூத, இஸ்லாமிய அறிஞர்களில் பலர், உண்ணத் தடை இருந்தாலும் உயிர் காக்கும் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்று கருதினார்கள்.

பதப்படுத்திய வால்வில் உயிரணு இல்லை. உயிருள்ள உறுப்பின் கதை வேறு. மனித ரத்தம் பாய்ந்த சில நிமிடங்களில் பன்றிச் சிறுநீரகம் கருத்துப்போகும். பன்றியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரையே இதற்கு முக்கியக் காரணம். மனிதனும் அவனுக்கு நெருங்கிய குரங்கினங்களும் அந்தச் சர்க்கரையை உருவாக்கும் ஆற்றலைப் பரிணாமத்தில் இழந்துவிட்டன. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதே வகைச் சர்க்கரையை ஏந்தியிருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே அதற்கு எதிரான பிறபொருளெதிரிகள் ரத்தத்தில் நிறைந்துவிடுகின்றன. ஊரி கலிலி 1980-களில் இந்தப் பிறபொருளெதிரியை அடையாளம் கண்டார்.

இந்தத் தடை நீங்குவதற்கு முன்பே இந்தியாவில் ஓர் அறுவை நடந்தது. 1997 ஜனவரியில் அசாமில், குவாஹாட்டியை அடுத்த சோனாபூரில் தனிராம் பருவா என்ற இதய அறுவை நிபுணர், 32 வயது நோயாளிக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். ஹாங்காங்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவரும் உடனிருந்தார். ஒரு வாரத்தில் நோயாளி இறந்தார். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல்தான் இயற்றப்பட்டிருந்தது. அதன் கீழ் இரு மருத்துவர்களும் கைதாகிச் சுமார் 40 நாள் காவலில் இருந்தார்கள். மாநில அரசின் விசாரணை இந்த அறுவையை நெறிமீறலாகக் கண்டது.

அதே 1997-இல் வேறொரு அச்சமும் எழுந்தது. பன்றியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே பொதிந்திருக்கும் ரீட்ரோவைரஸ்கள் ஆய்வுக்கூடத்தில் மனித உயிரணுக்களைத் தொற்றுவதை லண்டனில் ராபின் வைஸ் குழு காட்டியது. முதலீடு வற்றியது, ஆய்வுகள் தேங்கின. மீட்டது மரபணுத் தொழில்நுட்பம். 2000-இல் பன்றி நகலாக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஆல்ஃபா-கால் மரபணு நீக்கிய பன்றிகள் பிறந்தன. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்தபின், 2015-இல் ஹார்வர்டின் ஜார்ஜ் சர்ச் குழு பன்றி உயிரணு ஒன்றிலிருந்த 62 ரீட்ரோவைரஸ் பிரதிகளை ஒரே மூச்சில் செயலிழக்கச் செய்தது.

2021 செப்டம்பரில் நியூயார்க்கில் ராபர்ட் மான்ட்கோமரி, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் தொடைக் குழாய்களோடு பன்றிச் சிறுநீரகத்தை உடலுக்கு வெளியே இணைத்தார். 54 மணி நேரக் கண்காணிப்பில் அது கருக்கவில்லை. 2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பார்ட்லி கிரிஃபித், முகமது மொஹியுதீன் குழு, பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தை 57 வயது நோயாளிக்குப் பொருத்தியது. இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். சோதனைகளுக்குத் தப்பிய பன்றி சைட்டோமெகலோ வைரஸ் அந்த இதயத்தில் இருந்தது பிறகு தெரிந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் 69 மரபணு மாற்றங்கள் கொண்ட பன்றிச் சிறுநீரகம் உயிருள்ள நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் அதே நகரில் இன்னொருவருக்குப் பொருத்திய சிறுநீரகம் 271 நாள் இயங்கியபின் அகற்றப்பட்டது. 1960-களின் ஆசிரியை எட்டிய ஒன்பது மாதத்துக்கு ஏறத்தாழ ஈடானது அது.

2025 பிப்ரவரியில், தனித்தனி நோயாளிகளுக்கான சிறப்பு அனுமதி என்ற நிலையைத் தாண்டி, பன்றிச் சிறுநீரகத்தை முறையாக மருத்துவ ஆய்வு செய்ய அமெரிக்கா அனுமதி தந்தது. முதலில் ஆறு பேர், பிறகு 50 பேர் வரை என்பது திட்டம். உறுப்பு எத்தனை நாள் உழைக்கிறது என்பதோடு, பன்றியின் நோய் எதுவும் மனிதருக்குத் தாவுகிறதா என்பதையும் கவனிக்க, உறுப்பு பெற்றவர்களை வாழ்நாள் முழுதும் கண்காணிப்பது இந்த ஆய்வின் ஒரு பகுதி.