கொட்டில்: மாட்டின் பெயரா, கூரையின் பெயரா?

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்துச் சிற்றூர் ஒன்று வருகிறது. அங்கே ஒரு கொட்டில். வண்டிச் சக்கரத்தையும் கலப்பையையும் சார்த்திச் சார்த்தி அதன் சுவர் தேய்ந்துபோயிருக்கிறது. உள்ளே ஒரே புகை. பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்தத் தேய்மானத்தைக்கூட விடவில்லை. உழவர் வீடுகளில் புழங்கியவருக்குத்தான் அது கண்ணில் படும்.

கொட்டில் என்றால் இன்று மாடு கட்டும் இடம். கொட்டம், கொட்டகை, பேச்சில் கொட்டாய் எல்லாம் அதன் உறவு. தெலுங்கில் கொட்டமு, கன்னடத்தில் கொட்டிகெ.

வடமொழி 'கோஷ்ட'த்திலிருந்து வந்தது கொட்டகை என்பது ஒரு கட்சி. கோஷ்டம் என்றால் பசுக்கள் நிற்குமிடம். கூட்டத்தைக் குறிக்கும் கோஷ்டியும் அதன் வழிவந்ததே. (கோஷ்டிப் பூசலில் நாற்காலி பறக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.) பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியோ இச்சொற்களைத் திராவிடக் குடும்பத்தில் சேர்க்கிறது.

எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. பசுவிலிருந்து பிறந்த சொல்லென்றால், அந்தப் பழம்பாட்டில் கொட்டிலின் அடையாளமாகப் பசுவல்லவா நிற்க வேண்டும்? நிற்பது கலப்பையும் சக்கரமும். பிற்காலத்திலும் இச்சொல் கூரையைத்தான் தொடர்ந்தது. கூத்துக்கொட்டகை, நாடகக்கொட்டகை, கல்யாணக் கொட்டகை, கடைசியில் சினிமாக் கொட்டகை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். பின்னால் ஊர்ப்புறங்களில் கீற்று வேய்ந்த டூரிங் கொட்டகைகள் வந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் ஒருபடி மேல்: காட்டில் போட்ட கொட்டாயைச் சுற்றி வீடுகள் பெருகி, ஊர்ப் பெயரே கொட்டாய் என்று முடிகிறது.

இத்தனைக்கும் பொதுவானது கட்டுமானம்தான். வரிசையாகக் கால்கள், மேலே விட்டம், இருபுறமும் சரியும் கூரை, பெரும்பாலும் காற்று புகத் திறந்த பக்கங்கள். மாட்டுக்கென்று கட்டும்போது மூத்திரம் வடியத் தரையைச் சற்றுச் சரிவாக்குவார்கள். ஓரமாகத் தீவனத்தொட்டி, மேலே வைக்கோல் போடப் பரண். மாலையில் கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போட்டால் உத்திரமெல்லாம் கரியேறிவிடும். சங்கப் பாட்டுப் புகையும் இப்படிப்பட்டதாகவே இருக்கலாம்.

இப்போது அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் தகரக் கூரையும் சிமெண்ட் தரையுமாகக் கட்டித் தருகிறார்கள். வெறும் கொட்டகை என்றால் எதற்கு என்ற கேள்வி வரும். அதனால் ஆவணத்தில் 'மாட்டுக்கொட்டகை' என்று மாட்டைச் சேர்த்தே எழுதுகிறார்கள்.